நீல டிரம்

டிரம்முக்குக் குழாய் வைக்கணும் என்றேன் போனிடம்.
"நிச்சயமாக உதவுகிறேன். உங்கள் பெயர்?"
"ஆரோக்கியம்."
"ஆம், ஆரோக்கியம் மிகவும் முக்கியம்" என்றது.
சரி, போகட்டும்.

வலது தோள் இறங்கி இரண்டு மாசம்.
காசிமேட்டு ஷெட்டில் இறால் உரித்த தோள்,
குனிந்து மொண்டு குடம் ரொப்ப மாட்டேன் என்கிறது.
அதனால் ஒரு குழாய். அரை இஞ்ச். எழுபது ரூபாய்.
கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடந்தபோது
பக்கத்து ஹார்டுவேரில் வாங்கியது.
"வூட்ல ஆம்பள இல்லியா?"
மீதிச் சில்லறையோடு கேட்டான் கடைக்காரன்.

போன் அதைக் கேட்கவில்லை.
"துளையிடும் இயந்திரம் உள்ளதா?"
இல்ல.
"உங்களிடம் என்னென்ன உள்ளன?"
சுற்றிப் பார்த்தேன். கறி வெட்டும் கத்தி,
சீலைக் கொடியில் மிஞ்சிய இரும்புக் கம்பி,
காஸ் அடுப்பு, மிக்ஸிக்காக வாங்கிய ஸ்க்ரூ டிரைவர்.
சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் பேச்சில்லை.
என் வீட்டை நினைத்துப் பார்த்ததோ என்னவோ.

கம்பியைக் காய்ச்சி ஓட்டை போடுவது
பாதுகாப்பில்லையாம். வேற வழி சொல்லு என்றேன்.
சொன்ன வழிக்கெல்லாம் ஒரு மிஷின் வேண்டும்.
கடைசியில்
"காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்" என்று இறங்கி வந்தது.
ஜன்னலைத் திறந்தேன்.
எந்தக் காத்து என்று அது சொல்லவில்லை.
பிளாஸ்டிக் பொசுங்கிய வாடை படியிறங்கிப் போக,
"கொடுங்கையூர்ல குப்ப மறுபடி எரிதா?"
மேல் மாடியிலிருந்து பிலோமி கத்தினாள்.
"இல்லக்கா, நாந்தான்!"

அடியிலிருந்து எட்டு சென்டிமீட்டர்.
அது சொன்ன கணக்கு. நாலு விரல் வைத்துக்கொண்டேன்.

நட்டை உள்பக்கம் மாட்டவேண்டும்.
டிரம்மைச் சாய்த்துத் தலையை விட்டேன்.
இடது கையால் திருகத் திருக நழுவியது.
எந்தப் பக்கம் திருகணும்? என்றேன் உள்ளேயிருந்து.
என் குரலே எனக்குக் கூட்ஸ் வண்டி மாதிரி கேட்டது.
"மன்னிக்கவும், புரியவில்லை."
தலையை எடுத்துக் கேட்டேன். சொன்னது.
மறுபடி உள்ளே. மறந்துவிட்டது.
ஏழு தரம் கேட்டிருப்பேன்.
ஏழாந்தரமும் முதல் தரம் போலவே சொன்னது.
இரண்டாந்தரம் கேட்டாலே
குரல் ஏறுகிற வீட்டில் பிறந்தவள்,
கை ஓங்குகிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவள்.
டிரம்மின் நீல இருட்டில்
கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன்.

வாஷர் தொலைந்துபோனது.
அறுந்த ஹவாய் செருப்பை வட்டமாக நறுக்கினேன்.
"புத்திசாலித்தனமான யோசனை" என்றது.
யாரிடமாவது சொல்லலாம் போலிருந்தது.

"இப்போது தண்ணீர் நிரப்பிக் கசிவைச் சோதியுங்கள்."
தண்ணி வியாழக்கிழம வரும்.
"உங்கள் இணைப்பைச் சரிபார்க்கவும்."
இணைப்பெல்லாம் கீது, தண்ணிதான் இல்ல.
"மன்னிக்கவும்" என்றது.
அதற்கு என்ன தப்பு?

செவ்வாய், புதன்
வெறும் டிரம்மின் குழாயைத்
திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழன் நாலரை மணி. லாரி.
பக்கத்துப் பையன்கள் ஊற்றினார்கள். கழுத்துவரை நீர்.
ஒரு சொட்டு இல்லை. செருப்பு பிடித்துக்கொண்டது.
குடத்தை எடுத்து வந்து கீழே வைத்தேன்.
வைக்கப் பார்த்தேன்.
நாலு விரல் உயரத்தில் குழாய்,
முழங்கால் உயரத்தில் குடம்.
குடம் என்று நான் சொல்லவில்லை.
அது கேட்கவில்லை.
இருநூறு லிட்டரை இனி யார் தூக்கிச் செங்கல் வைப்பது?
தரையில் உட்கார்ந்து சிரித்தேன்,
தோள் வலிக்கிற வரைக்கும்.

டம்ளரில் பிடித்துப் பிடித்துக்
குடம் நிறைந்தபோது மணி ஏழு.
வாசலில் பிலோமி, கையில் புதுக் குழாய்.
"எனக்கும் ஒண்ணு வச்சிக் குடு. உன் போனக் கேளு."
"போன் இருக்கட்டும்க்கா.
மொதல்ல உன் கொடத்த எட்த்துனு வா."